ஈரப்பதம் நாற்பத்தைந்து

த்ரியெஸ்தேயில் போரா காற்று அடிக்கும் நாட்களில்தான்
ஒந்தினா பெட்டிகளைத் திறப்பாள்.
மற்ற நாட்களில் கடல் உள்ளே வந்துவிடுமாம்.

ரப்பர் வளையம் ஆகாது. கிளிப் துருப்பிடிக்கும்.
என் கை
எப்போதுமே ஆகாது.

பழைய ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறை
வியர்த்து அட்டையோடு ஒட்டிக் கிடந்தது.
எலும்புக் கத்தியை நுழைத்து
மூச்சடக்கி இழுத்தாள்.
உறையோடு போய்விட்டது படகுத்துறை,
கொடிக்கம்பம் உட்பட.

அட்டையில் மிஞ்சியது வெறும் வெள்ளை.
பின்பக்கம் 1911, ஊதா மை:
‘வியாழன் வருகிறேன். கணப்பு மூட்டாதே,
புகைபோக்கியில் குருவி.’

ஸ்லொவீன் மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
பிறகு மெல்லிய பென்சிலால்
படத்துக்கு 212 அ,
சொல்லுக்கு 212 ஆ.
தனித்தனி உறை. அமிலமில்லாத காகிதம்.

மூலையில் ஒரு கட்டைவிரல் கறை,
கோக்கோவாக இருக்கலாம்.
அழிப்பானை எடுத்தாள்.
கீழே வைத்தாள்.
குறிப்பேட்டில் எழுதினாள்:
கறை, தொகுப்பைச் சேர்ந்தது.

அன்று புதன்கிழமை.
ஜன்னல்கள் கடகடத்தன.
விறகு இருந்தது, தீப்பெட்டி இருந்தது.
கோட்டைக் கழற்றாமலே
ஆறிய ரொட்டி தின்றோம்,
இருவரும்
புகைபோக்கியைப் பார்க்காத மாதிரி.