ஒரு கால் அதிகம்

அமரர் வீராச்சாமி த/பெ அங்கமுத்து
இறைவனடி சோர்ந்தார் என்று
இருநூறு அட்டை அடித்துவிட்டேன்.

சேர்ந்தாரில் ஒரு துணைக்கால் கூடிப்போயிருக்கிறது.
தட்டியது நான்தான்.
மூன்று தடவை படித்துப் பார்த்ததும் நான்தான்.
மூன்று தடவையும் என் கண் அந்த வரியில் நடந்தது,
நான் நடக்கவில்லை.

விழித்திருக்கும்போதே ஆள் இல்லாமல் போவது
எப்படி இருக்கும் என்று டாக்டர் ஒருமுறை கேட்டார்.
ஃபெர்ரி மாதிரி, என்றேன்.
பட்டர்வொர்த்தில் ஏறியது தெரியும்,
இந்தப் பக்கம் இறங்கியது தெரியும்,
நடுவில் கடல் இருந்திருக்க வேண்டும்.
அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.
எட்டிப்பார்க்க நினைத்தேன், மறந்துபோனேன்.

அப்பாவுக்கு அம்மா மாமன் மகள்.
இருவருக்கும் ஒரே இடத்தில் ஒரே பிழை.
ஆளுக்கொரு நல்ல பிரதியும் கூடவே இருந்ததால்
யார் கண்ணிலும் படவில்லை.
எனக்கு வந்தவை இரண்டும் பிழைப் பிரதி.
தம்பி தப்பித்தான்.
அவன் முட்டை தின்பான்,
நான் அவன் வாயைப் பார்ப்பேன்.

மீன், கோழி, பால், பருப்பு ஆகாது.
சோறு தராசில்.
மூன்று வேளையும்
நனைந்த அட்டைப்பெட்டி வாசமடிக்கும் மாவுக்கரைசல்.
முப்பத்தொரு வயதிலும்
மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிக்கிறேன்.

இந்த முறை மாவு டின் கப்பலில் தாமதம்.
முதல் வாரம் மரவள்ளிக்கிழங்கோடு சமாளித்தேன்.
இரண்டாம் வாரம் கடைப் பையன் இளங்கதிர்
எனக்கும் சேர்த்து ரொட்டி சானாய் வாங்கிவந்தான்,
மேலே பருப்புக்கறி ஊற்றி.
உண்மையைச் சொன்னால், நன்றாக இருந்தது.
மறுநாளும் நன்றாக இருந்தது.

விரலைக் குத்தி அட்டையில் வைத்த ரத்தப்பொட்டு
கோலாலம்பூருக்குப் போய் எண்ணாகத் திரும்பியது:
ஆயிரத்து நூற்று நாற்பது.
அறுநூறைத் தாண்டக்கூடாது.
முதலாளிக்கு அந்த எண் தெரியாது.
அவருக்குத் தெரிந்த எண் இருநூறு.
“கவனத்த எங்கலா வச்ச?”
ரத்தத்தில் என்றா சொல்வது?

மறுபடி அடிக்க அந்தத் தாள் இல்லை.
விடிந்தால் பாகான் டாலாமிலிருந்து ஆள் வரும்.
பிளேடு எடுத்துக் கொடுத்தார்.

குவீன் ஸ்திரீட்டில் எல்லாக் கடையும் சாத்தியாகிவிட்டது.
எதிர்ப்புறம் மாலைக்காரர் மட்டும்
நாளைய சாமந்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

துணைக்காலும் ரகரமும்
ஒட்டிப்பிறந்தவர்கள் போல நிற்கும்.
பதினெட்டாவது அட்டையில் ரகரத்தைச் சுரண்டிவிட்டேன்.
அதன் புள்ளி மட்டும்
தலை போன பின்னும் இருக்கிற தொப்பியாய் அந்தரத்தில்.
நாற்பத்தொன்று வரை எண்ணியது நினைவிருக்கிறது.
அடுத்து என் வாய் எண்பத்தேழு என்கிறது.
இடையில் கை வேலை செய்திருக்கிறது,
மேசையில் துகள் கிடக்கிறது,
கறுப்பாய், எறும்புத் தலை அளவு.

முதலாளி வீட்டுக்குப் போகவில்லை.
எதிரே உட்கார்ந்து அவரும் சுரண்டினார்.
கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார்.
பதினொன்றரைக்கு,
“எனக்கும் எண்ணிக்கை போச்சு” என்றார்.
ஆறுதலுக்குச் சொன்னாரோ நிஜமோ.
தூங்கி எழுந்தால் அவருக்குத் திரும்பிவிடும்.

காலையில் வந்தவர் வீராச்சாமியின் மருமகன்.
பிரித்துப் பார்க்காமல்
கட்டை மோட்டார்சைக்கிள் கூடையில் வைத்தார்.
நேற்றே கொடுத்திருக்கலாமே என்றார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மாவு டின் வந்தது.
எண் இறங்க இன்னும் பத்து நாளாவது ஆகும்.
நாற்பத்தொன்றுக்கும் எண்பத்தேழுக்கும் நடுவில்
ஒன்று தப்பியிருக்கும், எனக்குத் தெரியும்.
யார் வீட்டிலோ காலண்டர் ஆணியில் செருகிய அட்டையில்
அந்த மனிதர்
இறைவனடிவரை நடந்துபோய்
அங்கே சற்று
சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார்,
கால் ஒன்று அதிகமாய்.