ஒன்றே கால் வேகம்

மஞ்சக்குப்பம் கடையில்
மெஷினுக்கு ஒரு காது,
புத்தகத்துக்கு ஒரு காது.

கொலை வழக்கை வாசிக்கிறவர்
குரலை ஏன் இப்படித் தாழ்த்துகிறார்?
செத்தவள் விழித்துக்கொள்வாள் என்றா?
ஒன்றே கால் வேகத்தில் ஓட விடுவேன்.
பயமுறுத்த அவருக்கு நேரமிருக்காது.

நடிகை தன் வாழ்க்கையைத் தானே வாசிக்கிறாள்.
முதல் படத்துக்கு முக்கால் மணி நேரம்,
விவாகரத்துக்கு மூன்றே நிமிஷம்.
அந்த மூன்று நிமிஷத்தில்
இரண்டு தடவை தண்ணீர் குடித்தாள்.
விழுங்கும் சத்தத்தை வெட்டாமல் விட்ட
புண்ணியவான் யாரோ,
அவருக்காகவே ஐந்து நட்சத்திரம்.

கொலைகாரனுக்குப் பதினொரு அத்தியாயம்.
அவன் பள்ளிக்கூடம், அப்பன் வீசிய பெல்ட்,
கத்தி ஆறரை அங்குலம்.
அவளுக்கு ஒரு வரி:
‘நீல நிற ரவிக்கை அணிந்திருந்தார்.’

என்ன நீலம்?
கொக்கி முன்னாலா, பின்னாலா?
கைக்கு லைனிங் உண்டா?
‘மூச்சை விடும்மா’ என்று
அளவெடுத்தவள் ஒருத்தி இருப்பாளே,
அவளை யாரும் விசாரிக்கவில்லையா?

நிறுத்தினேன்.
கோண்டூர் ஞானசௌந்தரி
வெள்ளிக்கிழமைக்குக் கேட்டது
கொக்கி வைக்காமல் கிடக்கிறது.
சீட்டில் வெறும் ‘நீலம்’ என்றிருந்தது.
அடித்துவிட்டு,
மயில்கழுத்து, இடது தோள் சற்று இறக்கம்
என்று எழுதிக் குத்தினேன்.