பதினைந்தாவது பெயர்

தீப்பிடிக்காத வாயு என்று
சிலிண்டரின் பச்சைச் சீட்டில் எழுதியிருக்கிறது.
ஐந்து வருடமாக அதன் கழுத்தில்தான்
என் சாப்பாட்டுப் பையை மாட்டிவைக்கிறேன்.

ராயக்கோட்டை சாலைக் குளிர்கிடங்கில்
மூட்டை மூட்டையாகப் புளி உறங்குகிறது,
பங்குனியில் வந்தது, ஐப்பசி விலைக்காக.
நான் வாசலில் நோட்டுப் போடுகிறவள்.
உள்ளே போனால் ஒரு கோடு,
வெளியே வந்தால் ஒரு கோடு.

நாலேகாலுக்குக் கம்ப்ரசர் குழியில் சத்தம்.
விசிலடிக்க மறந்த குக்கர்
மூச்சுவிட்டுக்கொண்டே இருப்பதுபோல.
சக்கரபாணி படியேறி ஓடிவந்தான்.
வால்வைத் தொட்ட இரண்டு விரல்கள்
மெழுகாக வெளுத்திருந்தன.
தேய்த்துவிட வந்த பச்சியம்மாவைத் தடுத்து
'தேய்க்காதே, வெதுவெதுன்னு தண்ணி கொண்டா' என்றான்,
போன மாதப் பயிற்சியில்
தூங்கி வழிந்தவன்.

வாசனை இல்லை. நிறம் இல்லை.
கண்ணெரிச்சல்கூட இல்லை.
எப்போதும்போல் புளி நாற்றம் மட்டும்.
காற்றைவிடக் கனம் அதற்கு;
தண்ணீர் மாதிரி பள்ளம் தேடும்,
படியிறங்கும், குழியில் தேங்கும்,
அங்கே முன்பிருந்த காற்றை
சண்டையே போடாமல் காலி பண்ண வைக்கும்.

ஒரு பிடி புளி நாரை உயர வீசினேன்.
கிழக்கே பறந்தது.
எல்லோரையும் மேற்கே துரத்தினேன்,
எடைமேடைக்கு அப்பால் மேட்டுக்கு,
கொட்டை தட்டும் பெண்கள்
சுத்தியலைக் கீழே போட மறந்து ஓடினார்கள்.

பதினான்கு பெயர் படித்தேன்.
பதிமூன்று 'இருக்கேன்'.
மாதையனுக்கு உள்ளே போன கோடு இருந்தது,
வந்த கோடு இல்லை.

அவன் மச்சான் நஞ்சப்பன்
துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு
குழியைப் பார்த்து ஓடினான்.
நானும் வாட்ச்மேன் அமீர்ஜானும் சட்டையைப் பிடித்தோம்.
சட்டை கிழிந்தது. இடுப்பைப் பிடித்தோம்.
'நீ மனுஷியா' என்றான்.
பர்கூரில் கிணறு தூர்வாரியபோது
என் சித்தப்பா மயங்கினார்,
தூக்க இறங்கினார் ஒருவர்,
இருவரையும் தூக்க இறங்கினார் இன்னொருவர்.
மூன்று பாடை.
இதை நஞ்சப்பனிடம் சொல்ல நேரமில்லை,
கடித்தான், விடவில்லை.

தீயணைப்பு வண்டி
காற்று வரும் பக்கமாகவே வந்து நின்றது.
கிணற்றுக்கு விடுவதுபோல்
விளக்கை விட்டுப் பார்க்கலாமே என்றார் லாரிக்காரர்.
'தீயே வேண்டாம்' என்றார் தீர்த்தகிரி.
'அது எரியாதுங்க. ஆனா நெருப்புல பட்டா
வேற விஷமா உடையும்.
அந்த பீடிய முதல்ல அணைங்க.'

முதுகில் உருளையைக் கட்டிக்கொண்டார்.
அதற்குள் இருந்தது வெறும் காற்று,
நாங்கள் மேட்டில் நின்று
காசில்லாமல் இழுத்துக்கொண்டிருந்த அதே காற்று.
இடுப்பில் கயிறு,
மறுமுனை இருவர் கையில்.
இறங்கினார்.

கயிறு அசைந்தது. நின்றது.
அசைந்தது.
நின்றது.

மாதையன் வந்தான்,
சாலைப் பக்கமிருந்து.
கையில் செய்தித்தாள் பொட்டலம்,
எண்ணெய் ஊறிய நாலு போண்டா.
'பின்கேட்டு வழியா டீக்குப் போனேங்க்கா,
பத்து நிமிஷம்தான்.
என்ன கூட்டம்?'
நஞ்சப்பன் அவனை அறைந்தான்,
கட்டிக்கொண்டான்,
மறுபடி அறைந்தான்.

கயிற்றை மூன்று முறை இழுத்தார்கள்.
தீர்த்தகிரி வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார்.
யாருமில்லாத குழியில்
ஒவ்வொரு மூலையாக யாரையோ தேடிய கண்கள்.
'வால்வு மூடியாச்சு. ஃபேன் ஓடட்டும்,
கதவு திறந்தே கிடக்கட்டும்.
மீட்டர் சரின்னு சொல்ற வரைக்கும்
ஒருத்தரும் இறங்கக்கூடாது.
நோட்டு யாருது?'

என்னுடையது.
பின்கேட் இருப்பது எனக்கும் தெரியும்.
அதற்குப் பூட்டில்லை என்பதும்.

திட்டுவார் என்று நின்றேன்.
போண்டாவில் ஒன்றை எடுத்துக் கடித்தபடி,
'எழுதிக்கம்மா' என்றார்.
'தீர்த்தகிரி.
உள்ளே நாலு ஐம்பத்தெட்டு.
வெளியே ஐந்து ஒன்பது.'

உள்ளே போன கோடு நேராக விழுந்தது.
அடுத்ததைப் போட
பேனாவை இரண்டு கையால் பிடிக்க வேண்டியிருந்தது.