குண்டூசி

ராயபுரத்தில் கப்பல் ஏஜென்ட் வீட்டை
மியூசியமாக்கியதும்
துடைக்க என்னை வைத்தார்கள்.

ஒன்பதரைக்குள்
கண்ணாடியில் ஒரு விரல்தடம் இருக்கக் கூடாது.
உள்ளே, பெரிதாக்கி மாட்டிய கைநாட்டு:
முனியன், வயது 19, டர்பன்.
அவன் ரேகை மட்டும் இருக்கலாம்.

வெளியே கன்டெய்னர் லாரி போனால்
பர்மாவிலிருந்து வந்த பீங்கான் கிண்ணங்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.
எங்கள் பழைய வீட்டில்
எவர்சில்வர் இப்படித்தான் பேசும்.

மாடியறையில் சுவரளவு உலக வரைபடம்.
'நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?'
கீழே தட்டு நிறைய சிவப்புக் குண்டூசி.
குத்திக் குத்தி ரங்கூன் பொத்தலாகிவிட்டது.
யாரோ ஒருவர் நடுக்கடலில் குத்தியிருந்தார்.
தவறிக் குத்தியது, எடுத்துவிடு என்றார் கியூரேட்டர் மேடம்.
நான் எடுக்கவில்லை.

நேற்று மழை. ஆளில்லை.
ஒன்றை எடுத்துக்கொண்டு நின்றேன்.

கால்வாய்க்கரை வீட்டை இடித்த அன்று
கொடுத்த டோக்கன், 212,
பர்ஸில் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து.
இப்போது பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி.
பாதி நாள் லிஃப்ட் ஓடாது.
இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ.
கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும்.

அந்த வரைபடத்தில் சென்னையே
ஒரு குண்டூசித் தலைதான்.
வியாசர்பாடியும் பெரும்பாக்கமும்
ஒரே துளை.

தட்டில் திருப்பிப் போடவில்லை.
முந்தானையில் குத்திக்கொண்டு
பிராட்வேயில் ஏறினேன்.
காசில்லாத டிக்கெட்தான்,
ஆனாலும் கண்டக்டர் கேட்பார்: எங்கம்மா?

வூட்டுக்கு என்று வாய்வரை வந்தது.
பெரும்பாக்கம் என்றேன்.