காரணம் எழுதும் பெட்டி

விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு பெட்டி:
பெறுபேறுகளில் எதையேனும் விளக்க விரும்பினால்
நூற்றைம்பது சொல்லுக்கு மேற்படாமல்.

விரும்பவில்லை. ஆனாலும் அது அங்கே கிடக்கிறது,
மூன்றாம் செமஸ்டர், மெய்ப் பகுப்பாய்வு, சி பிளஸ்,
மேலும் கீழும் ஏக்கள் நிற்க
காலைக் கூட்டத்துக்குச் செருப்பில்லாமல் வந்த பிள்ளைபோல.

வேறெந்தப் பாடமென்றாலும் பரவாயில்லை என்றார் கெங்காதரன் சேர்,
புள்ளிவிபரவியல், கணினி, ஏன் இயக்கவியல்கூட.
"இதத்தான் அவங்கள் முதல்ல பாப்பாங்கள்."
சொல்லிவிட்டுச் சிபாரிசுக் கடிதத்துக்கு
என் முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்,
நாலு வருடமாய் என்னைப் 'பின்வாங்கு' என்றே கூப்பிட்டவர்.

"வெள்ளத்த எழுது" என்றாள் தயாபரி.
"ரோட்டுக்கு மேலால தண்ணி போன நேரந்தானே.
ஆரு மறுகா தேதி பாக்கிற?"

உண்மைதான். சித்தாண்டியில் பஸ் நின்றது.
வந்தாறுமூலை விடுதியில் கீழ்த்தட்டு மெத்தைகள் மிதந்தன.
ஆனால் வெள்ளம் வந்தது தையில்.
பரீட்சை கார்த்திகையில்.
மண்டபத்தின் தரை காய்ந்திருந்தது, மின்விசிறிகூடச் சுற்றியது.
மூன்றாம் வினா: சீரான தொடர்ச்சி.
தொடர்ச்சி தெரியும்.
'சீரான' என்ற ஒற்றைச் சொல்லுக்கு முன்னால்
மணி அடிக்கும்வரை இருந்தேன்.

விளங்கியது அடுத்த ஆனியில்,
முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம், வாவிக்குள்,
வலையின் மற்ற நுனியைத் தம்பிக்காகப் பிடித்தபடி.
முழங்கால் தண்ணீரில் எங்கே வைத்தாலும் அதே எட்டு போதும்.
வாய்க்குக் கிட்டப் போகப்போக மணல் சரிந்தது.
எட்டைக் குறுக்கினேன்.
இன்னும் குறுக்கினேன்.
இங்கே சரிவந்த எட்டு அங்கே செல்லுபடியாகவில்லை.
தரை ஓரிடத்திலும் அறுந்திருக்கவில்லை,
எல்லா இடத்துக்கும் பொதுவாய் ஒரு டெல்டா,
அதுதான் இல்லை.

"என்னக்கா நிக்கிறாய், இழு!"
இறால் பாதி போய்விட்டது.
அவன் இரண்டு நாள் பேசவில்லை.

கட்டாரிலிருந்து அண்ணன் நூற்றிருபது டொலர் கட்டிவிட்டு
"எல்லாம் ஏ தானே?" என்று கேட்டிருந்தான்.
பதில் போடாமல் பெட்டியைத் திறந்தேன்.

அப்போது விளங்கவில்லை.
பரீட்சை முடிந்து ஏழு மாதத்தின் பின் விளங்கியது.
வேண்டுமானால் இப்போது கேளுங்கள்.

எண்ணிப் பார்த்தேன். நிறையச் சொல் மிச்சம்,
ஒரு வெள்ளம் தாராளமாய்க் கொள்ளும்.

அப்படியே விட்டேன்.