நாலு நாள்

இங்கே பத்தரை, மஸ்கட்டில் ஒன்பது.
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்
ஐந்து பள்ளிக்கூடங்களை எழுதி
நான்கை அடித்துவிட்டேன், மச்சான்.

முதலாவதில், ரியாலை
இருநூற்றிருபதால் பெருக்கியதும்
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
இரண்டாவதில் பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு.
நம் ரில்வான் அந்த நேரத்தில்
சுவரில் காலை ஏற்றிவைத்துத் தூங்குபவன்.
மூன்றாவது உங்கள் மேனேஜர் பிள்ளைகள் படிப்பது.
ஏன் வேண்டாம் என்று உங்களுக்கே தெரியும்.
நான்காவதின் படங்கள் எல்லாம் அழகு:
நீச்சல் குளம், ஒரு குட்டைக் குதிரை, நனைந்த புல்.
ஒன்றில்கூடக் கழிப்பறை இல்லை.
போன் போட்டுக் கேட்டேன்,
நாலு வயசுப் பிள்ளைக்கு
பெல்ட்டைக் கழற்றிவிட ஆள் உண்டா என்று.
"அட்மிஷன் முடியட்டும், பேசலாம் மேடம்."
அடித்தேன்.

மிச்சம் ஒன்று.
வீட்டிலிருந்து நடக்கிற தூரம் என்கிறீர்கள்.
எந்த வீடு?
இன்னும் அட்வான்ஸ் கொடுக்காத
அந்த மூன்றாம் மாடி.

ரில்வானுக்கு ஒரே ஒரு சந்தேகம்:
"மழைக்கு அங்க லீவு விடுவாங்களா?"
பாம்பனில் கூண்டு ஏற்றியதுமே
கலெக்டர் வாழ்க என்று
கட்டிலில் குதிக்கிறவன்.
அங்கே மழையே அபூர்வம் என்றேன்.
எடை குறைந்த கருவாட்டைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தான்.

தமிழுக்குப் பதினைந்து பேர் சேர்ந்தால்
டீச்சர் போடுவார்களாம்.
இதுவரை பதினொன்று.
பன்னிரண்டு என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

டி.சி. இன்று கிடைத்தது.
விலகும் காரணம் என்ற கட்டத்தில்
கிளார்க் என்னைக் கேட்காமலே எழுதினார்:
பெற்றோர் விருப்பம்.
வடக்குத் தெரு திரும்பும்வரை
அதையே படித்துக்கொண்டு வந்தேன்.
பெற்றோர்.
விருப்பம்.
பிறகு பிள்ளைகளுக்குத் தொதல் வாங்கினேன்,
அரைக் கிலோ, ஒரு விசேஷமும் இல்லாமல்.

இனிதான் விஷயம்.
சாயங்காலம் அந்த ஐந்தாவது பள்ளியிலிருந்து பதில் வந்தது.
மார்ச் முப்பத்தொன்றுக்குள்
ஐந்து முடிந்திருக்க வேண்டுமாம்.
நஜ்லா ஏப்ரல் நாலு.
எல்.கே.ஜி. முடித்தவள்
மறுபடி எல்.கே.ஜி. உட்கார வேண்டும்.

டாக்டர் குறித்த தேதி மார்ச் இருபத்தொன்பது.
அது போயிற்று, அடுத்த நாளும் போயிற்று.
ராமநாதபுரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில்
வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்தேன்,
அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு.
ஏப்ரல் மூன்று ராத்திரி நீங்கள் மதுரையில் இறங்கினீர்கள்.
சுபுஹு பாங்குக்கு முன்னால் அவள் வந்தாள்.
"வாப்பா வரட்டும்னு காத்திருந்தா எம்புள்ள!"
வாட்ச்மேனிடம் சொன்னீர்கள்.
கல்யாண வீட்டுச் சஹனில் எதிரே உட்கார்ந்த
யாரோ ஒருவரிடம் சொன்னீர்கள்.
ஒவ்வொரு லீவிலும் சொன்னீர்கள்.
நானும் ஒவ்வொரு முறையும்
புதிதாகக் கேட்பதுபோல் சிரித்தேன்.

காத்திருந்த நாலு நாளுக்கு
அவர்கள் ஒரு வருஷம் கேட்கிறார்கள்.

உங்கள் தம்பி செய்யது வந்திருந்தான்.
"ஆள் இருக்கு மச்சி,
ஏப்ரலை மார்ச் ஆக்கிடலாம், மூவாயிரம் ஆகும்."
ஒரு நிமிஷம் யோசித்தேன்.
இல்லை, பொய் எதற்கு, ஒரு ராத்தல் தேநீர்த் தூளை
டப்பாவில் கொட்டி முடிக்கும்வரை யோசித்தேன்.
மார்ச்சில் பிறந்த நஜ்லா என்று
ஒருத்தி காகிதத்தில் இருப்பாள்.
அவள் பிறந்த அன்று
நீங்கள் அங்கே ஸ்டோரில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.
அவளை எனக்குத் தெரியாது.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வகுப்பில் மூத்தவளாக இருக்கட்டும்.
மற்ற பிள்ளைகளின் பெல்ட்டை
அவளே கழற்றிவிடுவாள்.
வியாழக்கிழமைக்குள் பணம் கட்டுங்கள்,
ரசீதில் பெயர் சரியா பாருங்கள்,
போன முறை நஜ்மா என்று வந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு
அந்தக் கட்டைவிரல் படத்தை மட்டும்
அனுப்பாதீர்கள்.