தண்ணீர்க் கணக்கு

இருபது லிட்டர்க் குடுவையைத்
தோளிலிருந்து இறக்கிவிட்டு நிக்கானோர் கேட்டார்:
"வீட்டில் விருந்தாளிகளா, சென்யோரா?"

இல்லை. நானும் எலிசெயோவும் நாயும்தான்.

"ஒன்பது நாள் வரும் உங்களுக்கு ஒரு குடுவை.
இப்போது நான்கு நாள்கூடத் தாங்குவதில்லையே."

வெயில் என்றேன்.
எர்மொசீயோவில் எதைக் கேட்டாலும்
வெயில் என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.
சுவர் வெடித்தால் வெயில்.
தம்பி மனைவி பிரிந்து போனதும் வெயிலால்தான்.

ஆனால் பன்னிரண்டரைக்குக்
கட்டிலின் அவன் பக்கம் லேசாகிறது.
கதவு. விளக்கு. நீர் விழும் ஓசை
நீண்டு, நின்றதுபோல் நின்று, மறுபடி நீண்டு.
அப்புறம் சமையலறை.
கவிழ்த்துவைத்த குடுவையின் வயிற்றில்
ஒரு குமிழ் மேலேறுகிறது: குளுக்.
இன்னொன்று.
இன்னொன்று.
இரண்டேகாலுக்கு மறுபடி.
நான்கடிக்கும் முன் மறுபடி.
ஒரே தண்ணீர்தான்
உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருக்கிறது,
ஆளை இடையில் விட்டுவிட்டு.

முதல் வாரம் நாய் ஒவ்வொரு முறையும் குரைத்தது.
இப்போது காதை மட்டும் அசைக்கிறது.
எனக்கும் பழகியிருக்கும்,
அந்தக் குமிழ் மட்டும் இல்லையென்றால்.

நேற்று, எழுந்து போய்ப் படுத்த கொஞ்ச நேரத்தில்
போர்வையை உதறினான்.
"எறும்பு. பாதமெல்லாம் எறும்பு."
விளக்கைப் போட்டுப் பார்த்தோம்.
வெள்ளை விரிப்பு. அதன்மேல்
இருபத்தாறு வருடம் பேருந்து பிரேக்கை மிதித்த
அகலமான இரண்டு பாதங்கள்.
எறும்பு இல்லை.
ஒன்றிரண்டாவது இருந்திருக்கக் கூடாதா
என்றிருந்தது எனக்கு.

வயசு என்பான் அவன்.
வேறெதற்கோ பயப்படுகிறான், அதைச் சொல்லமாட்டான்.
இடைவாரில் புதிதாக ஒரு துளை,
ஆணியை வைத்து அவனே போட்டது;
கோணலாக இருக்கிறது.
சட்டையின் கழுத்துக்குள் என் விரல் மூன்று போகிறது.
இராச் சாப்பாட்டை மட்டும் இரண்டு ஆளுக்குச் சாப்பிடுகிறான்.

தண்ணீர் ரசீதுகளின் பின்பக்கத்தில்
பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன்:
12.30. 2.15. 3.50.
பதினோரு ராத்திரி.
மருத்துவர் "எப்போதிலிருந்து?" என்று கேட்பார்,
இவன் "நேற்றுதான்" என்பான், எனக்குத் தெரியும்.

மருந்துக்கடையை ஒட்டிய க்ளினிக்
எட்டு மணிக்குத் திறக்கும்.
வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

விடிந்துவிட்டது. சமையலறையில்
அலமாரி அலமாரியாகத் திறந்து மூடுகிறான்,
காப்பித்தூளைக் காணோமாம்.
துவைக்கப்போட்ட துணிகளுக்கு அடியில் இருக்கிறது.
நான் செருப்பைத் தேடுவதுபோல்
குனிந்துகொண்டேன்.